கோல் நுனியில் ஒரு காது

பாஸ் மீன் பிடிக்க லேசான, சட்டென்று உணரக்கூடிய பெய்ட்காஸ்டிங் கோல் எது என்று இரண்டு மாதம் முன்பு ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடமில்லாமல் ஒதுக்கி வைத்தேன். அதற்குள் அதே கேள்வி டெக்சாஸ், மிச்சிகன், ஃபுளோரிடா, டொராண்டோ என்று நாலு திசையிலிருந்தும் வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே இந்த மாதம் முழுக்கத் தூண்டில்தான்.

கடைக்குப் போனால் சுவர் முழுக்கக் கோல் நிற்கிறது. எல்லாவற்றிலும் 'லேசானது, சென்சிடிவ்' என்றே எழுதியிருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது, அண்ணா?
— வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

உங்கள் இரைப் பெட்டியில் ஆரம்பியுங்கள். எந்த இரையை வீசப்போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால், சுவரில் இருக்கும் முக்கால்வாசிக் கோல்கள் தாமாக விலகிவிடும்.

பிடிக்கு மேலே தண்டில் சிறிய எழுத்தில் சில விவரங்கள் அச்சிட்டிருக்கும்: நீளம், பவர், ஆக்‌ஷன், நரம்பின் (தூண்டில் இழையின்) பலம், வீசத்தக்க இரையின் எடை. முதல் பெய்ட்காஸ்டிங் கோல் என்றால் 7 அடி, மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், இரை எடை 1/4 முதல் 3/4 அவுன்ஸ் வரை (ஏறக்குறைய 7 முதல் 21 கிராம்) என்று இருப்பதை எடுங்கள். முள்ளை மறைத்துக் கோத்த ரப்பர் புழு, குஞ்சம் கட்டிய ஜிக், தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் மூன்றையும் அது சமாளிக்கும். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளில் இந்த மூன்றைக் கொண்டே வருடத்தை ஓட்டிவிடலாம்.

பவர், ஆக்‌ஷன் இரண்டும் ஒன்றுதானே?
— வாசகர், ஹூஸ்டன்

இல்லை. பவர் 'எவ்வளவு' என்று சொல்கிறது. ஆக்‌ஷன் 'எங்கே' என்று சொல்கிறது.

கோலை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது பவர். லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். வளைவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது ஆக்‌ஷன். நுனிப் பக்கம் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதி வரை வளைந்தால் மாடரேட். வலிமையான கோலும் பாதி வரை வளையலாம்; மெல்லிய கோலும் நுனியில் மட்டும் வளையலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தாம் பணம் கொடுத்துத் தப்பான கோலை வாங்கிவருகிறார்கள்.

'சென்சிடிவ்' என்றால் உண்மையில் என்ன? விளம்பர வார்த்தையா, விஞ்ஞானமா?
— வாசகி, ஆன் ஆர்பர், மிச்சிகன்

விஞ்ஞானம்தான். 15 அடி ஆழத்தில் உங்கள் ஜிக் ஒரு கல்லில் இடிக்கிறது. அந்த அதிர்வு நரம்பு வழியே ஏறி, நுனி வளையத்தைத் தட்டி, தண்டுக்குள் இறங்கி, உங்கள் உள்ளங்கைக்கு வர வேண்டும். வழியில் எது கனமாக, தொளதொளவென்று இருக்கிறதோ அது அதிர்வை விழுங்கிவிடும். தண்டு எடைக்கு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ, அந்த அளவுக்குச் சேதி சிதையாமல் வரும்.

நுனியின் பங்கு இதில் பெரிது. கனமான நுனியை அசைக்கப் பெரிய தட்டல் வேண்டும். லேசான நுனியைச் சின்னத் தட்டலே அசைத்துவிடும். பாஸ் கொடுப்பதோ பெரும்பாலும் சின்னத் தட்டல்தான். அது இரையைக் கவ்வுவதைவிட உறிஞ்சுவதே அதிகம். வாயை மின்னல் வேகத்தில் திறக்கும், தண்ணீரோடு இரையும் உள்ளே போகும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். அந்தக் கண நேரத்துக்குள் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். கோலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை அந்தக் கணத்துக்கான விலை.

30 டன், 40 டன், ஐ.எம்.7, ஐ.எம்.8 என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே? எண் கூடினால் கோல் நல்லதா?
— வாசகர், சான் ஹொசே

எண் கூடினால் கார்பன் இழை விறைப்பானது. நல்லதா என்பது தனிக் கேள்வி.

டன் என்பது இழையின் விறைப்பை அளக்க ஜப்பானியர் பயன்படுத்தும் கணக்கு. சாதாரண நல்ல கார்பன் 24 டன். அதிலிருந்து 30, 40 என்று போகும். இழை விறைக்க விறைக்க, அதே பவருக்குக் குறைந்த கார்பன் துணி போதும். தண்டின் சுவர் மெலிகிறது, எடை இறங்குகிறது, உணர்வு கூடுகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: மிக விறைப்பான இழை நீண்டு கொடுக்காமல் முறிந்துவிடும். மெல்லிய சுவரில் ஈயக்குண்டு ஒன்று பட்டாலே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அடுத்த மாதம் மீன் இழுக்கும்போது அங்கேதான் ஒடியும்.

ஐ.எம்.7 போன்றவை முதலில் ஒரு குறிப்பிட்ட இழை உற்பத்தியாளரின் சரக்குப் பெயர்கள். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான தர முத்திரையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிறுவனத்தின் ஐ.எம்.8-ஐ இன்னொரு நிறுவனத்தின் ஐ.எம்.7-உடன் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. எந்த இழை என்பதோடு, எந்தப் பசை, எப்படிச் சுற்றினார்கள், எங்கே கூட்டினார்கள், எங்கே குறைத்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கோல். அரிசி ஒன்றாக இருந்தாலும் எல்லார் வீட்டுச் சோறும் ஒன்றாகவா இருக்கிறது?

எத்தனை கிராம் இருந்தால் 'லேசான' கோல்?
— வாசகர், ஷார்லட்

7 அடி பெய்ட்காஸ்டிங் கோல்கள் பெரும்பாலும் 100 முதல் 140 கிராம் வரை இருக்கும். 110-க்குக் கீழே இருந்தால் தாராளமாக லேசானது எனலாம். ஆனால் தராசு சொல்லும் எடை வேறு, கை உணரும் எடை வேறு. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது கை உணரும் எடை.

ஒரு கிராமை எடுத்துக்கொள்ளுங்கள். பிடியிலிருந்து 10 சென்டிமீட்டரில் வைத்தால் ஒரு சுமை. அதையே நுனியருகே, 200 சென்டிமீட்டரில் வைத்தால், கையைக் கீழே சாய்க்கும் விசை 20 மடங்கு. கோலைச் சுண்டும்போது அந்தக் கிராம் காட்டும் எதிர்ப்போ தூரத்தின் வர்க்கத்தில் ஏறும்: 400 மடங்கு. அதனால்தான் 120 கிராம் கோல் ஒன்று இறகாகவும், 105 கிராம் கோல் ஒன்று இரும்பாகவும் தோன்றுகிறது.

கடையில் இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் சொந்த ரீலை எடுத்துப்போய்ப் பொருத்துங்கள். ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்துக் கோலைத் தாங்குங்கள். கிடையாக நின்றால் சமன் சரி. நுனி குப்புற விழுந்தால், மாலைக்குள் உங்கள் மணிக்கட்டு அதைச் சொல்லிக் காட்டும். வலிக்கிற மணிக்கட்டு எந்தக் கடியையும் உணராது.

பிடியின் அடியில் எடை சேர்த்துச் சமன்படுத்தினால்?
— அதே வாசகர், ஷார்லட்

சமன் வரும். மொத்த எடையும் வரும். கோலை அசைக்காமல் காத்திருக்கும் மீன்பிடிக்கு அது உதவும். நாள் முழுக்க வீசிக்கொண்டே இருப்பவருக்கு நுனி லேசான கோல்தான் மருந்து.

கோலில் கோத்திருக்கும் வளையங்களில் அவ்வளவு விஷயம் இருக்கிறதா?
— வாசகர், அட்லாண்டா

நிறைய. சற்று முன் சொன்ன அந்த ஒரு கிராம் பெரும்பாலும் வளையத்தில்தான் இருக்கிறது. சட்டம் டைட்டானியமா எஃகா, உள்ளே இருக்கும் பீங்கான் வளையம் எவ்வளவு மெல்லியது, ஒட்டிய பசை எவ்வளவு என்பதெல்லாம் நுனியில் கூடும் பாரம். ஜப்பானின் ஃபியூஜி நிறுவனத்து வளையங்களைப் பல நல்ல கோல்களில் பார்க்கலாம். சிலிக்கான் கார்பைடு வளையம் போட்டது மேலான ரகம். பின்னிய இழையான பிரெய்டு நரம்பின் உராய்வை அது சலிக்காமல் தாங்கும், சூட்டையும் சீக்கிரம் கடத்திவிடும்.

மிகச் சிறிய 'மைக்ரோ' வளையங்கள் எடையைக் குறைக்கும். ஆனால் இரண்டு நரம்பை முடிந்து பயன்படுத்துபவர் என்றால், அந்த முடிச்சு வளையத்தில் தடுக்காமல் போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். குளிர்காலத்தில் சின்ன வளையத்தில் பனி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வாங்கும் முன் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டுச் சுழற்றுங்கள். எங்காவது இழை மாட்டினால், அங்கே விரிசல் இருக்கிறது.

அண்ணை, ஊரில தங்கூசியை விரலில பிடிச்சுக்கொண்டிருந்தாலே மீன் வந்து முகர்ந்து பார்க்கிறதுகூடத் தெரியும். இஞ்ச இருநூறு டொலர் தடி வாங்கியும் ஒண்டும் தெரியேல்லை. ஏன்?
— வாசகர், ஸ்கார்பரோ, டொராண்டோ

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது.

வெறும் நரம்பை விரலில் பிடித்துப் போடும் தூண்டிலில் மீனுக்கும் தோலுக்கும் நடுவே வேறொன்றும் இல்லை. கோல், வளையம், ரீல், பிடி எல்லாம் தூரமாக வீசுவதற்கும் மீனை அடக்குவதற்கும் நாம் நடுவில் கொண்டுவந்து வைத்தவை. ஒவ்வொன்றும் கொஞ்சம் சேதியைத் தின்னும். நல்ல கோல் குறைவாகத் தின்னும், அவ்வளவுதான். உங்கள் விரல் ஏற்கெனவே அறிந்ததை உங்களுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

உங்களிடம் இருக்கும் விரலை மறுபடி வேலைக்கு வையுங்கள். ரீலைப் பக்கவாட்டிலிருந்து உள்ளங்கைக்குள் அடக்கிப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலை நீட்டி, ரீலுக்கு முன்னால் நரம்பு அதன்மேல் படும்படி வையுங்கள். பாஸ் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ரப்பர் புழு போடும்போது இப்படித்தான் பிடிக்கிறார்கள். நரம்பு தொய்ந்து கிடந்தால் விரலுக்கும் ஒன்றும் வராது, இருநூறு டாலர் தடிக்கும் ஒன்றும் வராது. முதலில் தொய்வை எடுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் தெரியாவிட்டால் தடியைக் குறை சொல்லலாம்.

ஸ்பின்னிங் கோல் பழகிவிட்டது. பெய்ட்காஸ்டருக்கு மாறத்தான் வேண்டுமா?
— வாசகி, டெட்ராய்ட்

நீங்கள் செயின்ட் கிளேர் ஏரியில் ஸ்மால்மவுத் பாஸுக்குச் சின்ன இரையைத் தொங்கவிட்டுப் பிடிப்பவர் என்றால், மாற வேண்டாம். 7 கிராமுக்குக் கீழே, உருளை சுழலாமலே நரம்பு உருவி வரும் ஸ்பின்னிங்தான் ராஜா. அந்த எடையில் இரையால் பெய்ட்காஸ்டர் உருளையைச் சுழற்றி நரம்பை எளிதில் உருவ முடியாது. அதற்கென்றே ஜப்பானில் வளர்ந்த 'பெய்ட் ஃபினெஸ்' என்ற மெல்லிய வகை இருக்கிறது. அது தனி ரீல், தனிச் செலவு.

10 கிராமுக்கு மேலே, பாசிக்கும் மரக்கட்டைக்கும் நடுவே தடித்த நரம்போடு, குறிபார்த்துப் போட வேண்டும் என்றால் பெய்ட்காஸ்டர். பறக்கும் இரையைக் கட்டைவிரலால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். அந்தச் சுகத்தைப் பழகியவர் திரும்பி வருவதில்லை.

இந்த பெய்ட்காஸ்டிங் எங்கே பிறந்தது? பெயர் ஏன் அப்படி?
— வாசகர், லெக்சிங்டன், கென்டக்கி

உங்கள் வீட்டுப் பக்கத்தில்தான்! 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கென்டக்கியின் பாரிஸ் என்ற சிற்றூரில் கடிகாரமும் வெள்ளிவேலையும் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர் தன் உபயோகத்துக்காக ஒரு ரீல் செய்தார். கடிகாரச் சக்கரம் செய்யத் தெரிந்த கை அது. கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை பல முறை சுற்றும்படி பல்சக்கரம் வைத்தார். அவரைத் தொடர்ந்து மீக் சகோதரர்கள் முதலான கென்டக்கிக் கைவினைஞர்கள் அதை மெருகேற்றினார்கள். உயிருள்ள சின்ன மீனை இரையாகக் கோத்து வீச உதவியதால் 'இரை வீச்சு' என்ற பொருளில் பெய்ட்காஸ்டிங் ஆயிற்று.

நரம்பு உருளையின் ஒரே இடத்தில் குவியாமல் இருபுறமும் சீராகப் படியவைக்கும் அமைப்புக்கு, மிச்சிகனின் கலமசூ ஊரைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர் ஜூனியர் 1890-களின் இறுதியில் காப்புரிமை பெற்றார். 1881-இல் மருத்துவர் ஜேம்ஸ் ஹென்ஷால் பாஸ் மீனைப் பற்றித் தனி நூலே எழுதி, நீளமான பழங்கோல்களுக்குப் பதிலாகக் குட்டையான, லேசான கோலை வலியுறுத்தினார். நீங்கள் இன்று கேட்கும் 'லேசான கோல்' 140 வருடத்துக்கும் மேலான ஆசை.

நரம்பு எது போட்டால் நன்றாக உணரலாம்? நைலானா, ஃபுளோரோகார்பனா, பிரெய்டா?
— வாசகர், ஆஸ்டின்

நரம்பு இறுகியிருக்கும்போது பிரெய்டு. அது ஏறக்குறைய நீளாது என்பதால் தட்டல் அப்படியே வரும். நரம்பு லேசாகத் தொய்ந்திருக்கும்போது ஃபுளோரோகார்பன். அது கனமானது, தண்ணீரில் மூழ்கும். பிரெய்டு மிதந்து வளைந்து கிடக்கும் இடத்தில் இது இரையை நோக்கி நேராக இறங்கும். ஒளிவிலகல் எண்ணும் தண்ணீருக்கு நெருக்கம்: தண்ணீர் 1.33, ஃபுளோரோகார்பன் 1.42. அதனால் தெளிந்த நீரில் நைலானைவிடக் குறைவாகக் கண்ணில் படும். நைலான் நீளும், மெதுவாகவே மூழ்கும். நீர்ப்பரப்பில் குதித்தோடும் இரைகளுக்கு அது நல்ல துணை.

ஜிக்குக்கும் ரப்பர் புழுவுக்கும் 15 பவுண்டு ஃபுளோரோகார்பன் போடுங்கள். கோலை மாற்றும் முன் நரம்பை மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் 'மந்தமான கோல்' என்று மூலையில் கிடப்பது, பழைய நைலான் சுற்றிய நல்ல கோல்.

சென்சிடிவ் கூடிப்போனால் கெடுதல் உண்டா?
— வாசகர், ஆர்லாண்டோ

உண்டு. கிராங்க்பெய்ட் என்ற இரையில் மூன்று கொக்கி கொண்ட சிறு முட்கள் தொங்கும். ஓடிக்கொண்டே இருக்கும் அந்த இரையை மீன் அடிக்கும்போது, விறைப்பான கோலும் சட்டென்று சுண்டும் கையும் சேர்ந்தால், இரை வாயிலிருந்து பிடுங்கப்படும். அங்கே கண்ணாடி இழையோ, கண்ணாடி இழையும் கார்பனும் கலந்ததோ ஆன, பாதி வரை வளையும் கோல் வேண்டும். அது மீனுக்கு ஒரு கணம் விட்டுக்கொடுக்கும். குதிக்கும்போதும் முள் பிய்ந்து வராது.

நீர்ப்பரப்பில் பாசிமேல் இழுக்கும் ரப்பர் தவளைக்கோ உணர்வே தேவையில்லை. மீன் பாய்வதைக் கண்ணால் பார்க்கிறோம். வலுவான ஹெவி கோலும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆகவே விலை உயர்ந்த, லேசான, சென்சிடிவ் கோலை வாங்குவதாக இருந்தால், அடியில் தடவித் தடவி வரும் இரைகளுக்காக வாங்குங்கள். அங்கே கண்ணுக்கு வேலை கிடையாது, கைதான் எல்லாம்.

ஒரே கோலில் எல்லாம் முடியாதா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

முடியும். ஒரே செருப்பைப் போட்டுக்கொண்டு வயலுக்கும் கல்யாணத்துக்கும் போகலாம்தான். முதல் வருடம் அப்படியே போங்கள். இரண்டாவது கோல் எது என்பதை உங்கள் ஏரியே சொல்லிவிடும்.

100 டாலர் கோலுக்கும் 400 டாலர் கோலுக்கும் வித்தியாசம் 300 டாலர் பெறுமா?
— வாசகர், நியூ ஜெர்சி

50-லிருந்து 120-க்குப் போகும்போது வித்தியாசத்தைக் குழந்தையும் உணரும். 120-லிருந்து 250-க்குப் போகும்போது வாரம் ஒருமுறை ஏரிக்குப் போகிறவர் உணர்வார். அதற்கு மேலே ஒவ்வொரு கிராமும் மிக விலை உயர்ந்தது. எது கல், எது சிப்பி, எது மீன் என்று பிரித்தறியப் பழகிய கைக்கே அது பயன்படும்.

என்னைக் கேட்டால், 150 டாலர் கோலும் மிச்சப் பணத்தில் நல்ல நரம்பும் பத்துத் தடவை ஏரிக்குப் போய்வரப் பெட்ரோலும். கை பழகுவதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

வீசும்போதெல்லாம் நரம்பு சிக்கு விழுகிறது. கோல் சரியில்லையா?
— வாசகி, டாம்பா

கோல் காரணமாக இருக்கலாம். இரையின் எடை அதன் அளவுக்குக் கீழே இருந்தால் நுனி வளையாது, நுனி வளையாவிட்டால் நீங்கள் பலத்தைக் கூட்டுவீர்கள், பலம் கூடினால் சிக்கு. உருளை சுழலும் வேகம், இரை பறக்கும் வேகத்தை மிஞ்சும்போது விழுவதுதான் இந்தச் சிக்கு.

முதலில் பக்கத்துக் குமிழைத் திருகுங்கள். பொத்தானை அழுத்தினால் இரை மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். அடுத்து, காந்தமோ மையவிலக்கோ எந்தப் பிரேக் இருந்தாலும், முக்கால் அளவுக்கு ஏற்றிவையுங்கள். 14 கிராம் எடையைக் கட்டி, புல்தரையில் பக்கவாட்டாக, அவசரமில்லாமல் வீசுங்கள். இரை கீழே விழும் கணத்தில் கட்டைவிரல் உருளைமேல் இருக்கட்டும். எதிர்காற்றில் பழகாதீர்கள். ஒரு வாரத்தில் சிக்கு எடுக்கும் நேரம் மீன்பிடிக்கும் நேரமாக மாறிவிடும்.

புதுக் கோல் ஒடிந்துவிட்டது. மீன்கூடப் பெரிதில்லை!
— வாசகர், சிகாகோ

மீன் ஒடிப்பது அபூர்வம். மீனைப் படகில் தூக்கும்போது கோலைச் செங்குத்தாக உயர்த்தித் தலைக்குப் பின்னால் சாய்த்திருப்பீர்கள். அப்போது பாரம் முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய்விடுகிறது. கோல் கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்குள் இருக்கட்டும்; கடைசியில் மீனைக் கையாலோ வலையாலோ எடுங்கள். மற்ற எதிரிகள்: கார் கதவு, மின்விசிறி, படகுத் தரையில் கோல்மேல் கோல், கனமான இரை தண்டில் மோதுவது. முள்ளைக் கோலின் வளையத்துக்குள் மாட்டாதீர்கள். பீங்கான் விரிசல் விடும். பல கோல்களில் பிடியருகே முள் மாட்டவென்றே ஒரு கொக்கி இருக்கிறது.

இடி தூரத்தில்தான் கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் வீசலாமா?
— வாசகர், ஃபோர்ட் லாடர்டேல்

வேண்டாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரம்தான். கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்குப் போய், காருக்குள் உட்காருங்கள். மின்கம்பிக்கு அடியில் வீசுவதும் இதே ஆபத்து. ஏரி நாளைக்கும் இருக்கும்.

மீன் கோலின் நிறத்தைப் பார்க்குமா?
— வாசகர், ராலே

மீன் இரையைப் பார்க்கும். கோலைப் பார்ப்பவர் பக்கத்துப் படகுக்காரர்.

உலக சாதனை மீனைப் பிடித்தவர்கள் என்ன கோல் வைத்திருந்தார்கள்?
— வாசகர், சவானா, ஜார்ஜியா

உங்கள் மாநிலத்துக் கதைதான் முதலாவது. 1932 ஜூன் 2-ஆம் தேதி, ஜார்ஜியாவின் மான்ட்காமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் லார்ஜ்மவுத் பாஸைப் பிடித்தார். பொருளாதார மந்தக் காலம். கார்பன் கோல் வர இன்னும் 40 வருடம் இருந்தது. மீனை எடைபோட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 2009 ஜூலை 2-ஆம் தேதி, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஒரு அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல். பழைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது 2 அவுன்ஸ் வேண்டும் என்பது விதி. ஆகவே இருவரும் சமம்.

இரண்டு மீனுக்கும் நடுவே 77 வருடம். அந்த இடைவெளியில் கோல் எவ்வளவோ மாறியது; மீன் இருக்கும் இடத்தில் நிற்பதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இந்தக் கோலை எடுத்துவந்தால் விரால் பிடிக்க ஆகுமா?
— வாசகர், டாலஸ் (சொந்த ஊர் தஞ்சைப் பக்கம்)

ஆகும், ஆனால் ஜிக்குக்கு வாங்கிய நுண்ணிய கோலைக் கொண்டுவராதீர்கள். விராலுக்குத் தவளை இரைதான் பேர்போனது. தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவிலிருந்து அதை உடனே மேலே கிளப்பியாக வேண்டும். ஹெவி பவர் கோலும் 40, 50 பவுண்டு பிரெய்டும் எடுத்துவாருங்கள். விமானத்துக்கு இரண்டு மூன்று துண்டாகக் கழற்றும் கோல் தோது. குஞ்சுகளை மேய்த்துக்கொண்டிருக்கும் விராலை மட்டும் விட்டுவிடுங்கள். அதைப் பிடித்தால் அந்தக் கூட்டத்துக்கே காவல் போய்விடும்.

லேக் ஃபோர்க்கில் பிடிக்கும் நல்ல மீனையெல்லாம் விட்டுவிடத்தான் வேண்டும். விடப்போகிற மீனுக்கு எதற்கு இவ்வளவு விலையில் கோல், ஐயா?
— வாசகர், பிளேனோ, டெக்சாஸ்

விடப்போவதால்தான்.

லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள லார்ஜ்மவுத் பாஸைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று விதி வைத்தது, முட்டையிடும் பெரிய மீன்கள் வாழ வேண்டும் என்பதற்காக. டெக்சாஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு மீன் 1992 ஜனவரியில் அதே ஏரியில்தான் கிடைத்தது. அந்தப் பெருமை அந்தக் கட்டுப்பாட்டால் நிற்கிறது.

ஆனால் விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. முள் உதட்டில் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். தொண்டையிலோ வயிற்றிலோ இறங்கியிருந்தால் சாவது அதிகம். முள் ஏன் தொண்டைக்குப் போகிறது? மீன் எடுத்தது நமக்குத் தாமதமாகத் தெரிவதால். முதல் தட்டலிலேயே உணர்ந்து சுண்டினால் முள் உதட்டோடு நிற்கும். சரியான பவர் உள்ள கோலில் போராட்டமும் சீக்கிரம் முடியும்; மீன் களைத்துச் சாகாது. லேசான, சென்சிடிவ் கோல் உங்களுக்கு எத்தனை மீன் தருகிறதோ, அதைவிட அதிகமாக மீனுக்குத் தருகிறது. நான் இதைப்பற்றி இத்தனை பக்கம் எழுதுவதும் அதற்காகத்தான்.

மகளுக்குப் பத்து வயது. 'எனக்கும் ஒரு கோல்' என்கிறாள். என்ன வாங்கித் தரலாம்?
— வாசகி, ஷுகர் லேண்ட், டெக்சாஸ்

ஐந்தரை அடியில் லேசான ஸ்பின்னிங் கோல் ஒன்று. பெய்ட்காஸ்டர் பன்னிரண்டு வயதுக்கு மேல், கட்டைவிரல் வளர்ந்த பிறகு. டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உரிமம் வேண்டாம். மாநிலப் பூங்காவின் கரையிலிருந்து வீசினால் உங்களுக்கும் வேண்டாம். ஆகவே முதல் நாள் அங்கே போங்கள்.

முதல் நாள் முள் கட்டாதீர்கள். 10 கிராம் ஈயத்தை மட்டும் கட்டி, படகுத்துறையிலிருந்து வீசச் சொல்லுங்கள். நரம்பை விரலில் படவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல இழுக்கட்டும். கல் என்றால் 'டக்' என்று கேட்கும். மரம் என்றால் மெத்தென்று மோதும். பாசி என்றால் ரப்பர் போல நீண்டு விடுபடும். சேறு என்றால் ஒன்றும் கேட்காமல் கனக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் 'என்ன அது?' என்று கேளுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு, நீங்கள் கேட்கும் முன்பே அவள் சொல்ல ஆரம்பிப்பாள். அப்போது முள்ளைக் கட்டுங்கள்.